கூட்டல் கோட்டுக்கு வலப்பக்கம்

நான் சுட்டதைக் காட்டிலும் என் தாளில் ஓட்டைகள் அதிகமாக இருந்தன. போட்டதைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தது எங்கள் குடும்பத்தின் வியாபார வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

வல்லம் பக்கத்தில் செம்மண் எடுத்துக் கைவிட்ட ஒரு பள்ளம். அதன் செங்குத்தான மண்சுவர்தான் எங்கள் துப்பாக்கிக் கழகத்துக்குத் தடுப்பு. சுவருக்கு முன்னால் நீளமாக ஒரு பலகை. பலகையில் வரிசையாகக் குறித்தாள்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நூறு கஜம் தள்ளிச் சணல் சாக்கு விரித்து, தஞ்சாவூரின் பெரிய மனிதர்கள் குப்புறப் படுத்திருப்பார்கள். டாக்டர், வக்கீல், மிராசுதார், நடுவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனாகிய நான். பின்னாலிருந்து பார்த்தால் ஜனநாயகம் வந்துவிட்டது என்றே தோன்றும்.

அன்றைக்கு ஆண்டுப் போட்டி. கழகச் செயலாளர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற டாக்டர். பலகையிலிருந்து என் தாளைப் பிய்த்து எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"என்ன பாய், இது உங்க தாளா, இடியாப்பத் தட்டா?"

என்னுடைய குண்டுகள் தாளின் ஓரமாக ஊர்வலம் போயிருந்தன. அவை என்னுடையவை என்று எனக்கே தெரியும். ஆனால் நடு வட்டத்துக்குள் ஒரு கூட்டம் தோளோடு தோள் உரசி நின்றது. அதை நான் சுடவில்லை. அப்படிச் சுடத் தெரிந்திருந்தால் நான் ஏன் கண்ணாடிக்கடை வைக்கப் போகிறேன்?

எனக்கு இடப்பக்கம் படுத்திருந்தவர் சிவக்கொழுந்து. பாபநாசம் பக்கத்து மிராசுதார். கழகத்திலேயே கைதேர்ந்தவர். அவர் தாள் கல்யாணப் பத்திரிகை மாதிரி கசங்காமல் இருந்தது. ஒரு ஓட்டை கிடையாது. அவர் சுட்டதெல்லாம் வலப்பக்கம் தள்ளி என் தாளில் வந்து விழுந்திருந்தது.

எந்தத் தாளில் ஓட்டையோ அந்தத் தாளுக்கே மதிப்பெண் என்பது எங்கள் கழகத்து விதி. ஆகவே அந்த ஆண்டுக் கோப்பை எனக்குக் கிடைத்தது.

"காத்துய்யா" என்றார் சிவக்கொழுந்து. "காத்து தூக்கிட்டுப் போயிட்டு."

அன்று ஓர் இலை அசையவில்லை. எங்கள் சட்டையெல்லாம் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"காத்து இல்ல மிராசு. துப்பாக்கிக் கண்ணாடி நகர்ந்திருக்கு. கடைக்குக் கொண்டாங்க, சரி பண்ணித் தர்றேன்."

"என் கண்ணாடி நகராது. எம்மேல உள்ள பொறாமையில நீ ஓதி விட்டிருப்ப."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணாடி மட்டும் கடைக்கு வரவில்லை.

கண்ணாடி பாய்

துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியைக் கழகத்தில் எல்லாரும் ஸ்கோப் என்பார்கள். நான் கடைப் பழக்கத்தில் கண்ணாடி என்றே சொல்வேன். எனக்கும் கண்ணாடி பாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கீழவாசலில் வாப்பா தொடங்கிய கடை. என் மச்சான் சிங்கப்பூரில் கப்பல் சாமான் கடை வைத்திருந்தார். கைலி, தைலம், பிஸ்கோத்து டப்பா இவற்றோடு எப்போதாவது இப்படி ஒரு கண்ணாடியையும் அனுப்புவார். அந்தக் காலத்தில் நம்மூரில் அது சுலபத்தில் கிடைக்காத பொருள். அதைத் திறந்து பூசணம் துடைக்கவும், திருகு சரிபார்க்கவும் ஊரில் என்னை விட்டால் ஆளில்லை. கூலி கொடுத்து மாளாது என்று கணக்குப் போட்டு, டாக்டர் என்னைக் கழகத்தில் உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டார்.

"துப்பாக்கிக் கழகத்துல சேர்ந்திருக்கேன்" என்று வீட்டில் சொன்னேன்.

"கொசுவ அடிக்கத் தெரியாது உங்களுக்கு" என்றாள் என் மனைவி. கடைசிவரை அவள் சொன்னது பொய்யாகவில்லை.

நாலு விரல் தூரம்

கண்ணாடியைக் கையாள்வது ஒரு மரியாதை. அதற்கென்று சில நடைமுறைகள் உண்டு.

முதலாவது, துப்பாக்கியைக் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பார்த்தால் பை காது மாதிரி வாகாகத்தான் இருக்கும். தூக்கத்தான் கை போகும். ஆனால் அந்தக் குழாயை இரண்டு வளையங்கள்தான் துப்பாக்கியோடு பிடித்து வைத்திருக்கின்றன. வளையம் ஒரு மயிரிழை கோணினால் போதும், நூறு கஜத்துக்கு அப்பால் குண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

வேட்டி முனையால் துடைக்கக் கூடாது. வேட்டியில் இருக்கும் மண் கண்ணாடியில் கோடு போட்டுவிடும். இதைச் சொன்னபோது ஒரு வக்கீல், "எங்க வேட்டியில மண்ணா? நாங்க வயல்ல இறங்கறவங்க இல்ல பாய்" என்றார். அதுவும் உண்மைதான்.

கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல் தூரம் இருக்க வேண்டும். இதை எல்லாருக்கும் கற்பித்தவன் நான். ஒருநாள் டாக்டர் தன்னுடைய பெரிய துப்பாக்கியைக் கொடுத்து, "சுட்டுப் பாருங்க" என்றார். ஆசையில் கண்ணைக் கொண்டுபோய் ஒட்டவைத்தேன். துப்பாக்கி பின்னால் உதைத்தது. கண்ணாடியின் விளிம்பு என் புருவத்தில் அழகாக ஒரு பிறை போட்டது. நோன்புப் பெருநாளுக்கு இன்னும் நாளிருந்தது. ஜமாத்தில் அதற்குள் என் நெற்றியில் பிறை பார்த்துவிட்டார்கள்.

வண்டியில் குலுங்கி வந்த கண்ணாடியைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. தனியாக ஒரு தாளில் இரண்டு மூன்று சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட்டித் தாளுக்குப் போக வேண்டும்.

போட்டியன்று சிவக்கொழுந்து தாமதமாக வந்தார். ஜீப்பின் பின்சீட்டில் துப்பாக்கி, கண்ணாடி அடியில் இருக்கும்படி கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் இரண்டு குலை இளநீர். பாபநாசத்திலிருந்து வல்லம்வரை அந்தக் காலத்து ரோட்டில் அப்படியே குதித்துக்கொண்டு வந்திருக்கிறது. டிரைவர் இளநீரை இறக்கிவிட்டு, கண்ணாடியைப் பிடித்துத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார், சந்தையிலிருந்து கோழியைக் கொண்டுவருவதுபோல.

"ரெண்டு சுட்டுப் பாத்துட்டுப் படுங்க மிராசு."

"மாப்பிள்ளைக்கு ஒத்திகை எதுக்கு?" என்று நேரே போய்ப் படுத்தார்.

கடைசியாக ஒரு நடைமுறை. அந்தக் கண்ணாடி வழியாக மனிதர்களைப் பார்க்கக் கூடாது. தூரத்தில் வருவது யார் என்று தெரிய வேண்டுமென்றால் பைனாகுலர் இருக்கிறது. துப்பாக்கிக் கண்ணாடியை எங்கே திருப்பினாலும் துப்பாக்கியும் கூடவே திரும்பும். கண்ணாடிக்குள் தெரியும் இரண்டு மெல்லிய கோடுகளின் கூட்டல் குறி அந்த மனிதர் மேல் போய் உட்காரும். பார்ப்பவருக்கு அது வேடிக்கை. பார்க்கப்படுபவருக்கு?

கரை மாறிய வேட்டிகள்

புதிய ஆட்சி வந்து ஊரெல்லாம் கொடி மாறியிருந்த காலம் அது. மிராசுதார்கள் சிலர் ஒரே வாரத்தில் வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டார்கள். சிவக்கொழுந்தும் மாற்றினார். "கரைதானேய்யா, உள்ள இருக்கறது அதே ஆளுதான்" என்று என்னிடம் கண்ணடித்தார்.

நில உச்சவரம்பு வருகிறது, வந்துவிட்டது என்று பேச்சு. நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்கப் பினாமி தேடிக் களைத்துப் போனார்கள். பிறக்காத பேரனுக்குப் பட்டா வாங்கியவர் உண்டு. "உம்பேர்ல ரெண்டு மா நிலம் எழுதட்டுமா பாய்?" என்று சிவக்கொழுந்து கேட்டபோது, "எழுதுங்க, ஆனா நான் திருப்பித் தர மாட்டேன்" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

இன்னொரு பக்கம் செங்கொடிச் சங்கம். அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டார்கள். கொடுக்க மறுத்த மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளூர் ஆட்கள் வரப்பில் வந்து நின்றார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து மூக்குக்கண்ணாடி மாற்ற வருகிறவர்கள், கண்ணாடியைவிட அன்றைக்கு யார் தலை உடைந்தது என்ற செய்தியைத்தான் முதலில் கொண்டுவருவார்கள்.

ஒருநாள் சிவக்கொழுந்து கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"இந்தக் கண்ணாடி பெரிய உபகாரம்யா. மோட்டார் கொட்டகை மொட்டைமாடியில இருந்து பாத்தாப் போதும். எவன் அரிவா ஓடுது, எவன் அரிவா நிக்கிதுன்னு எல்லாம் தெரியுது."

"அதுக்குப் பைனாகுலர் தர்றேன் மிராசு. புதுசா வந்திருக்கு."

"அது எதுக்கு? இதுல துப்பாக்கியும் சேர்ந்து இருக்கே."

டீ கொண்டுவந்த ஆள் சிரித்தார். மிராசு சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சோறு ஆறுது

போட்டி முடிந்து அதிக நாள் ஆகவில்லை. தை அறுவடை. சிவக்கொழுந்தின் வயலில் வெளியூர் ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் உள்ளூர் ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் கோவிந்தன், அந்த ஊர்ச் சங்கத்தின் செயலாளர். சின்ன உருவம், பெரிய குரல். மிராசு எங்கே பேச்சை ஆரம்பித்தாலும் கடைசியில் அவர் பெயரில்தான் முடிப்பார். "அந்தக் கோவிந்தன் ஒருத்தன் இல்லேன்னா ஊரு அமைதியா இருக்கும்யா."

கோவிந்தனின் அண்ணன் வீரையன் சங்கத்தில் இல்லை. கொடி பிடித்ததில்லை, கோஷம் போட்டதில்லை. அன்று தம்பி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று கூப்பிட வந்தார்.

"டேய், சோறு ஆறுது. உங்க அண்ணி திட்டுது. வந்து தின்னுட்டுப் போயிக் கத்து."

"இரு அண்ணே, வர்றேன்."

அண்ணன் போகவில்லை. தம்பியின் பக்கத்திலேயே, தோளை ஒட்டி நின்றார்.

கழகத்தில் போட்டிக்குச் சுடும் சின்னத் துப்பாக்கியின் சத்தம் பெரிதாக இருக்காது. யாரோ கை தட்டியதுபோல இருந்தது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். கோவிந்தன்கூட, மோட்டார் கொட்டகையில் யாரோ கேலியாகக் கை தட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறார். அண்ணனிடம் ஏதோ சொல்லத் திரும்பியபோது பக்கத்தில் அவர் நிற்கவில்லை. வரப்பிலிருந்து சரிந்து அறுத்த நெல்லின் தாள்மேல் விழுந்திருந்தார். குண்டு மார்பில் பட்டிருந்தது. மாட்டு வண்டி குடமுருட்டிப் பாலத்தை எட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

வீரையனுக்கு முப்பது வயதுகூட முழுதாக ஆகியிருக்காது. மனைவி பெயர் அஞ்சலை.

சிவக்கொழுந்து போலீசில் சொன்னது இது. கலவரக் கூட்டம் களத்தை நோக்கி வந்தது. பயமுறுத்துவதற்காக அவர்களுக்குப் பின்னால் இருந்த தென்னையின் உச்சியைக் குறிவைத்து ஒரே ஒரு குண்டு சுட்டேன். துப்பாக்கிக் கண்ணாடி கோணல். அதனால் கைதவறி நேர்ந்துவிட்டது.

காற்று என்று அவர் சொல்லவில்லை. தன் கண்ணாடி நகரும் என்பதை அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

முத்திரை உடைத்து

கண்ணாடி கோணலா, நேரா என்று சோதிக்க வேண்டும். ஊரில் அதற்கு யார் இருக்கிறார்கள்? இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்தார். துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்த துப்பாக்கியோடு எல்லாரும் செம்மண் பள்ளத்துக்குப் போனோம். டாக்டரும் சாட்சிக்கு வந்தார். மோட்டார் கொட்டகைக்கும் வரப்புக்கும் இடையே உள்ள தூரமும் எங்கள் பள்ளத்துத் தூரமும் ஏறத்தாழ ஒன்று என்று அளந்து வந்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

துப்பாக்கியை மணல் மூட்டையில் பதித்து வைத்துச் சுட்டேன். மூட்டைதான் சுட்டது என்று சொல்ல வேண்டும், என் கை அதில் இல்லை. கூட்டல் குறி தாளின் நடுவில். குண்டு ஒரு முழம் வலப்பக்கம். மறுபடி சுட்டேன். அதே ஒரு முழம், அதே வலப்பக்கம். மேலே கீழே ஒன்றுமில்லை. வளையம் ஒரு பக்கமாக வளைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது.

"கோணல்தான்" என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

தாளின் நடுவிலிருந்து அந்த ஓட்டைகள்வரை கையால் அளந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

தென்னை உச்சியில் குறிவைத்திருந்தால் குண்டு உச்சிக்கு ஒரு முழம் வலப்பக்கமாகப் போயிருக்கும். செத்திருந்தால் ஓர் இளநீர் செத்திருக்கும். உச்சியிலிருந்து ஒரு மனிதனின் மார்புவரை குண்டை இறக்கும் கோணல் அந்தக் கண்ணாடியில் இல்லை. அது பக்கவாட்டில் மட்டும்தான் பொய் சொல்லும். குண்டு பட்ட இடத்திலிருந்து ஒரு முழம் இடப்பக்கம் போனால், கூட்டல் குறி எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். வீரையனுக்கு ஒரு முழம் இடப்பக்கம், கொட்டகையிலிருந்து பார்க்கும்போது, நின்றது கோவிந்தன்.

தன் தாளைப் பார்த்துச் சுட்டது என் தாளில் விழுந்ததே, அதே கதைதான். மிராசுவின் கை தவறவில்லை. அவர் கை எப்போதும் தவறாது.

இன்ஸ்பெக்டரைத் தனியாக அழைத்து இதைச் சொன்னேன். மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கூடக் காட்டினேன். அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாய், நான் கேட்டது கோணலா, நேரா. கோணல்னு சொல்லிட்டீங்க. மீதிய கோர்ட்டு பாத்துக்கும்."

தன் பூட்ஸ் காலால் அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டே ஜீப்புக்குப் போனார். வேண்டுமென்று மிதித்தாரா, வழி அதுதானா என்று என்னால் சொல்ல முடியாது.

விசாரணைக்கு முன்னால் ஒருநாள் சிவக்கொழுந்து கடைக்கு வந்தார். ஜாமீனில் இருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். டீ வேண்டாம் என்றார்.

"பாய், எனக்காக நீ ஒரு பொய்யும் சொல்ல வேணாம். கண்ணாடி கோணல்தானே? அத மட்டும் சொல்லு."

"எவ்வளவு கோணல், எந்தப் பக்கம் கோணல்னும் சொல்லணுமே மிராசு."

அவர் ஷோகேஸில் இருந்த மூக்குக்கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத யாருய்யா கேக்கப் போறா?" என்றார்.

கூண்டில் நின்ற கோமாளி

நான் அரசுத் தரப்புச் சாட்சி. அரசு வக்கீல் பெயர், ஊர், தொழில் கேட்டார். சோதனை செய்தது நான்தானா என்று கேட்டார். துப்பாக்கி இதுதானா என்று கேட்டார். உட்கார்ந்துவிட்டார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். எங்கள் கழகத்தில் வேட்டியில் மண் படாதவர் என்று சொன்னேனே, அவர்தான்.

"துப்பாக்கி சுடுவதில் உங்களுக்கு எத்தனை வருஷப் பழக்கம்?"

"ரொம்ப வருஷமா சுடுறேங்க. இதுவரைக்கும் எதுலயும் பட்டதில்லைங்க."

பழக்கதோஷம். பயம் வந்தால் எனக்கு வேடிக்கைப் பேச்சு வந்துவிடும். கோர்ட்டு சிரித்தது. நீதிபதிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கோப்பை வாங்கியிருக்கீங்களே?"

"அது மிராசு போட்ட பிச்சைங்க."

மறுபடி சிரிப்பு. அந்தக் கோப்பைக் கதை தெரியாதவர் அந்த ஊரில் கிடையாது. வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வக்கீல் கெட்டிக்காரர். அறை நன்றாகச் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இந்தத் துப்பாக்கியின் கண்ணாடி கோணலா?"

"கோணல்தாங்க."

"குறிவைத்த இடத்தில் குண்டு படாது?"

"படாதுங்க."

"போதும்."

"ஐயா, ஒண்ணு சொல்லணும்" என்றேன் நீதிபதியைப் பார்த்து. "எவ்வளவு கோணல்ங்கறத யாரும் கேக்கல. அன்னைக்கிப் போட்டியில மிராசு சுட்டது என் தாள்ல விழுந்துச்சே, அதே மாதிரிதாங்க இதுவும்."

மேலே சொல்ல விடவில்லை. யாரும் தடுக்கவில்லை, சிரிப்புதான் தடுத்தது. கோப்பைக் கதையைத்தான் நான் மறுபடி எடுக்கிறேன் என்று அந்த அறை முழுக்க நினைத்தது. சேவகர் "சைலன்ஸ்" என்று கத்தினார், அவரும் சிரித்துக்கொண்டே. நான் அண்ணன், தம்பி, ஒரு முழம் என்று ஏதேதோ சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்" என்றார் நீதிபதி. "அரசுத் தரப்பில் இவரை ஏதாவது கேட்கணுமா?"

அரசு வக்கீல் வழக்குக் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று.

இறங்கும்போது பார்த்தேன். பின்பெஞ்சில் கோவிந்தன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதில் நிழலில்

தீர்ப்பு வந்தது. கொலை இல்லை, அஜாக்கிரதை. கோணல் கண்ணாடி என்று தெரிந்தும் பொறுப்பில்லாமல் சுட்டதற்குக் கொஞ்ச கால தண்டனை. அதற்கும் அப்பீல் போக ஜாமீன். சிவக்கொழுந்து வெளியே வந்தபோது அவர் ஆட்கள் மாலை போடப் போனார்கள். அவர் வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டு ஜீப்பில் ஏறினார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், நன்றி சொல்வதுபோல. அந்தத் தலையசைப்பைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

கோர்ட்டு மதில் ஓரமாக நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது கோவிந்தன் வந்தார். அவ்வளவு பெரிய குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"பாய், அன்னைக்கிக் கூண்டுல என்னமோ சொல்ல வந்தீங்களே. எல்லாரும் சிரிச்சாங்களே. என்னங்க அது?"

"அது இப்ப எதுக்குங்க..."

"சொல்லுங்க. எங்க அண்ணன் சாவுல நீங்க வேடிக்கை பண்ண மாட்டீங்க. பண்ணியிருந்தா அன்னைக்கே ஒதைச்சிருப்பேன்."

சொன்னேன். குச்சி எடுக்கவில்லை, கோடு போடவில்லை. கண்ணாடி ஒரு முழம் வலப்பக்கம் தள்ளும் என்றேன். உயரத்தில் அது தவறாது என்றேன். மேற்கொண்டு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் மெல்ல இடது தோளைத் திருப்பினார், பிறகு அந்தக் கையைப் பக்கத்தில் நீட்டினார், அங்கே யாரோ நிற்பதுபோல. அந்த வரப்பில் யார் எங்கே நின்றார்கள் என்பது அவர் உடம்புக்குத் தெரியும்.

"அப்ப அது எனக்கு வந்ததா?"

"ஆமாங்க."

 துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"மேல் கோர்ட்டுக்குப் போகணும்னு சங்கத்துல பேசிக்கிறாங்க. அங்க வந்து இதச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"அங்கயும் சிரிச்சா?"

"சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு சொல்றேன்."

மேல் கோர்ட்டில் சாட்சிகளைக் கூப்பிட மாட்டார்கள், எழுதி வைத்த காகிதத்தைப் படித்தே முடித்துவிடுவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. காகிதத்தில் இருந்தது "கோணல்" என்ற ஒரே வார்த்தை. என்னை யாரும் கூப்பிடவில்லை. அது அடுத்த ஆண்டு நடந்தது. அன்றைக்கு நாங்கள் இருவருமே நம்பினோம்.

"நீங்க அங்க சொன்னா அண்ணி காதுல விழுந்துரும்" என்றார் கோவிந்தன். "அதுக்கு முந்தி நான் சொல்லிடணும். வேற யாரும் சொல்லி அது தெரிஞ்சுக்கக் கூடாது."

அஞ்சலை மதில் நிழலில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பில் என்ன சொன்னார்கள் என்பது அவளுக்கு முழுதாகப் புரிந்திருக்குமா என்று தெரியவில்லை. கோவிந்தன் போய் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் அசைவதும், கை ஒருமுறை பக்கவாட்டில் நீண்டு மடங்குவதும் தெரிந்தன. அவள் அழவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. வாளியின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

பாபநாசம் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எந்திரிங்க தம்பி. பஸ்ஸு வந்துட்டு."

அது எனக்குக் கேட்டது. கோவிந்தன் எழவில்லை. முழங்கால்களுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்திருந்தார். கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் பஸ்ஸைப் பார்த்தாள், கொழுந்தனைப் பார்த்தாள். பிறகு வாளியோடு அவர் பக்கத்தில், தோளை ஒட்டி, மறுபடி உட்கார்ந்தாள்.

பஸ் போய்விட்டது.